ஓரத்து இருட்டு

பாப்பாவைத் தொட்டிலில் போட்டு, சேலையின் ஆட்டம் மெல்ல அடங்கின பிறகு கிடைக்கிற பொழுதுதான் பெனிட்டாவுக்கு வேலைப்பொழுது, பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவாள், இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள். காலையில் வேடசந்தூருக்கு ஒரு வளைகாப்புப் படமெடுக்கக் கிளம்பின புருஷன் கிளமெண்ட் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன கேமரா கார்டைச் செருகினாள். நேற்றுச் சாயங்காலம் அவன் பாப்பாவை எடுத்த படங்கள். ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஜெசிந்தாவுக்கு முதல் பிறந்தநாள், தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும், சாயங்காலத்துக்குள் ஃபைல் போனால்தான் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் நாளைக்குள் அடித்துத் தருவார், ஓரமெல்லாம் இருட்டாக்கி நடுவில் பாப்பா மட்டும் ஜொலிக்கிற மாதிரி செய் என்று புருஷன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆள் உயரத்துக்குப் பேனர் என்பதால் முகத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க ஒரு நெற்றி, ஒரு மூக்கு, இரண்டு கண்கள். வலது கண்ணின் நடு வட்டம் ஃபிளாஷில் சிவந்திருந்தது, அது சரி, அது எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான். இடது கண்ணின் நடு வட்டம் வெள்ளையாக இருந்தது. விளக்கு விழுந்த பொட்டு இல்லை, விளக்குப் பொட்டு கருவிழிக்கு மேலே ஓரமாய் விழும், இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் கண்ணில் அதைப் பார்த்திருக்கிறாள், இது உள்ளேயிருந்து வருகிறது, கறுப்பாக இருக்க வேண்டிய இடம் முழுக்க, பாலாடை மாதிரி. அடுத்த படத்தைத் திறந்தாள். அதில் பாப்பா நேரே பார்க்கிறாள், வெள்ளை இல்லை, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அதற்கடுத்ததில் அப்பாவின் சொடக்குச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியிருந்தாள், வெள்ளை. அதற்கடுத்ததில் வெள்ளை. மூச்சை விட்டது தப்பு, விட்டிருக்கக் கூடாது, விட்டதனால்தான் அடுத்ததில் வந்தது என்று அசட்டுத்தனமாய் ஒரு எண்ணம் வந்து, வந்த இடத்திலேயே நின்றுகொண்டது.

அவன் எடுப்பான், இவள் இருட்டாக்குவாள், கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. இருட்டாக்குவது என்றால் என்ன, படத்தின் நாலு மூலையையும் சற்றே மங்கலாக்கினால் பார்க்கிறவன் கண் தானாக நடுவுக்கு வரும், அவ்வளவுதான், அது ஒரு சின்ன தந்திரம். அதற்கு மேலேயும் உண்டு. மஞ்சள் பூசின முகத்துக்குப் பின்னால் தெரிகிற மின்சார வயர், பந்தல் மூங்கிலில் தொங்கும் யாரோ ஒருவரின் துண்டு, சாப்பாட்டு இலைமேல் உட்கார்ந்த ஈ, எல்லாவற்றையும் பர்ன் என்கிற கருவியை வைத்து லேசாய் லேசாய்த் தடவினால் நிழலுக்குள் போய்விடும், அழித்த தடமே இருக்காது. போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பம் பார்க்க வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து, "ஏம்மா, இந்தா நிக்கிறாளே பச்சைச் சேலை, எங்க ஓரகத்தி, அவள வெட்டிரலாமா?" என்றாள். "வெட்டுனா பக்கத்துல நிக்கிற உங்க தம்பி தோளும் போயிருமேக்கா." "அப்ப கொஞ்சம் கறுப்பாக்கி விடு. நகை தெரியப்படாது. அது எங்க மாமியா எனக்குத் தரேன்னு சொன்ன அட்டிகை." பெனிட்டா சிரித்துக்கொண்டே அட்டிகையை இருட்டில் தள்ளினாள், அந்த அம்மாள் திரையை உற்றுப் பார்த்து, "இப்பத்தான் அவ மூஞ்சி அவ மனசு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் போனாள், அதைச் சொல்லிச் சொல்லிக் கிளமெண்டும் இவளும் ஒரு வாரம் சிரித்தார்கள். எது தெரிய வேண்டாமோ அது இருட்டுக்குப் போகும். இதெல்லாம் கேட்டுச் செய்வது. கேட்காமலே செய்வது கண். ஃபிளாஷ் அடித்தால் கண் சிவக்கும், சிவந்த கண்ணைக் கறுப்பாக்குவதுதான் எந்தப் படத்தைத் திறந்தாலும் முதல் வேலை, சோற்றில் கை வைக்குமுன் கை கழுவுகிற மாதிரி, அதைச் செய்தோமா இல்லையா என்பதுகூட நினைப்பில் நிற்காது. மாப்பிள்ளை கண், தோழிப்பெண் கண், பூ எறிகிற பிள்ளைகளின் கண், எத்தனை கண்ணுக்குக் கறுப்பு வைத்திருப்பாள். பாப்பாவின் கண்ணுக்கும் வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் பாப்பாவுடைய படங்கள் எத்தனை உண்டோ அத்தனையிலும் வைத்திருக்கிறாள்.

செல்ஃபோனை எடுத்து, குழந்தை கண் வெள்ளை ஃபோட்டோ என்று மட்டும் தட்டினாள். வந்ததில் இரண்டு மூன்று வரி படித்தாள். கண்ணுக்குள் வளரும் கட்டி, என்று ஒரு வரி. புற்று என்று ஒரு சொல். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிருக்குப் பயமில்லை, பார்வையைக்கூடச் சில சமயம் காப்பாற்றலாம், தாமதமானால் கண்ணை எடுத்துவிட வேண்டிவரும், மூளைக்கும் போகலாம். வேறு சாதாரணக் காரணங்களும் இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டவும். சாதாரணக் காரணங்களும் என்கிற வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தாள், பிறகு ஃபோனை முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள், கவிழ்த்தால் அது வாயை மூடிக்கொள்ளும் என்பது போல. சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம். டாக்டர் கேட்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எத்தனை நாளா இருக்கும்மா இது, என்று கேட்பார், அதற்கு அவள் என்ன சொல்வாள். கார்டை ஒவ்வொரு வேலை முடிந்ததும் அழித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குக் கொண்டுபோகிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறதெல்லாம் இவள் திருத்தி, எடுத்த படத்தின்மேலேயே சேமித்தது, பழைய படம் எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு. அலமாரியிலிருந்து, பாப்பாவின் மூன்றாம் மாதத்தில் நடந்த ஞானஸ்நானத்தின் ஆல்பத்தை எடுத்தாள். வெள்ளை கவுனில், சாமியார் தண்ணீர் ஊற்றும்போது வாயை ஓவென்று திறந்துகொண்டு பாப்பா, இரண்டு கண்ணும் திராட்சை மாதிரி கறுப்பு. எவ்வளவு சுத்தமான வேலை. வட்டத்தின் விளிம்பைக்கூட மென்மையாக்கியிருக்கிறாள். தன் பிள்ளையின் கண் அன்றைக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரு வழியும் இல்லாதபடி தானே அடைத்து, மேலே லேமினேஷனும் போட்டிருக்கிறாள்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது, வர வேண்டாம் என்று அவள் கழுத்தைக்கூட அசைக்காமல் இருந்தும் வந்தது. கிறிஸ்துமஸ் படம். குடிலுக்கு முன்னால் மஞ்சள் குல்லாவோடு பாப்பா. சிவப்புக் கண்ணைச் சரிசெய்ய ஒரு கருவி இருக்கிறது, கண்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சிவப்பைத் தானே தேடிக் கறுப்பாக்கிவிடும். வலது கண்ணுக்கு வேலை செய்தது. இடது கண்ணுக்குச் செய்யவில்லை. சிவப்பே இல்லாத இடத்தில் அது எதைத் தேடும். இவள் மறுபடி தட்டினாள், மறுபடி. மடியில் பாப்பா கிடந்தாள், தலை நிற்க ஆரம்பித்திருந்த சமயம், பால் வாசனை அடித்தது, இவள் அவளைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டே, "என்னடி தங்கம், உன் கண்ணு ஒன்னு பிடிக்கவே மாட்டேங்குதே" என்று சொன்னாள். வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு பர்ன் கருவியை எடுத்து, பெரிய வெள்ளையை, அது வெள்ளை என்று பார்த்துத்தான், கையால் கொஞ்சம் கொஞ்சமாய்த் தடவிக் கறுப்பாக்கினாள். மடியில் அந்தக் கண் இருந்தது. குனிந்து பார்த்திருக்கலாம். திரையில் இருந்ததைத்தான் பார்த்தாள். கிறிஸ்துமஸ். இப்போது ஆடி பிறந்துவிட்டது. விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விரலை மடக்கிக்கொண்டாள். சரி, கிறிஸ்துமஸ் என்று சொல்லலாம், டாக்டரிடம் கிறிஸ்துமஸ் என்று சொல்லிவிடலாம், அதற்கு முன்னால் இல்லை, அதற்கு முன்னால் இருந்ததாக ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றுதானா.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் சிற்றாலயத்துக்குப் போகிற வழியில், கண்கள் பிடுங்கப்பட்ட புனிதை லூசியம்மாள் படம் ஒன்று மாட்டியிருக்கும். கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண்கள், முட்டை மாதிரி. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்தில் சுவரைப் பார்க்காமல் ஓடுவார்கள். இவள் ஒரு தடவை நின்று பார்த்து, "சிஸ்டர், தட்டுலயும் ரெண்டு இருக்கு, மூஞ்சிலயும் ரெண்டு இருக்கே?" என்று கேட்டாள். "பிடுங்கினதும் ஆண்டவர் புதுசா குடுத்துட்டார்" என்றார் சிஸ்டர், ஏதோ நோட்டுப் புத்தகம் தீர்ந்தால் புதுசு கொடுக்கிற மாதிரி. "யார் கேட்டாலும் குடுப்பாரா சிஸ்டர்?" "கேள்வியெல்லாம் அப்புறம், வரிசையில நில்லு." வரிசையில் நின்றாள். எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவள், நகத்தைக் காட்டு என்றால் காட்டி, கர்ச்சீப்பைக் காட்டு என்றால் காட்டி, காட்டக் கூடாததைக் காட்டாமல். மடிப்புக் கலையாத யூனிஃபார்ம், இங்க் படாத விரல், சுத்தமாயிருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. கண்ணை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பார்கள். கண்ணாடியில் செய்த கண் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அது ஃபிளாஷில் சிவக்காது. திருத்தவே வேண்டியிருக்காது என்று நினைத்தாள், நினைத்த மனசைப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது.

"என்னத்தா, கம்ப்யூட்டரு இருண்டு கெடக்கு, நீ பாட்டுக்கு ஒக்காந்திருக்க?" மாமியார் பாக்கியம் டீ டம்ளரோடு வந்து நின்றாள். திரை அணைந்துபோயிருந்தது இவளுக்குத் தெரியவில்லை. "ஒன்னுமில்ல அத்தை, தலைவலி." "பேனர்ல என் பேரப் போட மறந்துராத. போன வருசம் உங்க நாத்தனா மகனுக்கு அடிச்சாங்களே, நாய்க்குட்டி படமெல்லாம் இருந்துச்சு, என் பேரு இல்ல." "போடுறேன் அத்தை." "படத்தக் காட்டு, பாப்பம்." பெனிட்டாவின் கை மவுஸைத் தொடவில்லை. "இன்னும் சரி பண்ணல." "சரி பண்ணாம இருந்தா என்ன, எம் பேத்திதான." தொட்டிலை எட்டிப் பார்த்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கன்னத்துத் திருஷ்டிப்பொட்டு கலைந்திருப்பதைக் கண்டு உச்சுக்கொட்டினாள். "அத்தை." "ம்?" "பாப்பாவுக்குக் கண்ணு ஒரு பக்கமா போற மாதிரி இல்ல?" "அது மாறுகண்ணு. லேசா மாறுகண்ணு இருந்தா அதிர்ஷ்டம்டி. எங்க சித்திக்கு இருந்துச்சு, மூணு மாடி வீட்டுல வாழ்க்கைப்பட்டா." சொல்லிவிட்டு அவள் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். அதிர்ஷ்டம். நிலைப்படியில் பாப்பா இடது நெற்றியை இடித்துக்கொண்டபோது தவழுற வேகம் அப்படி என்றார்கள். எப்போதும் தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள், ஒயிலாப் பாக்குறா பாரு என்று எல்லோரும் அதைச் செய்யச் சொல்லிச் செய்யச் சொல்லிக் கைதட்டினார்கள். பெனிட்டாவும் கைதட்டினாள்.

ஃபோன் அடித்தது. கிளமெண்ட். பின்னால் மைக்கில் யாரோ பெண்களை வரிசையாய் வளையல் போட வரச்சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பெனி, அனுப்பிட்டியா?" "இல்ல." "என்ன பண்ணிட்டிருக்க? ஃப்ளெக்ஸ்காரரு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. ஓரத்த நல்லா இருட்டடி, பின்னாடி நம்ம வீட்டு ஓட்டை ஜன்னல் ஸ்கிரீன் தெரியுது." "ம்." "என்ன ம்?" சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்தது. சொன்னால் அது உண்மையாகிவிடும், இப்போது இந்த அறைக்குள் மட்டும் இருக்கிறது, சொன்னால் வேடசந்தூருக்குப் போய்விடும், மாடிக்குப் போய்விடும், கோவிலுக்கு, தெருவுக்கு. "தலைவலி" என்றாள். "மாத்திரை போட்டுட்டு அனுப்பி வை" என்று வைத்துவிட்டான். மாத்திரை போட்டுவிட்டு அனுப்பிவைப்பதுதான் ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை, கேக், பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது, அம்மா தஞ்சாவூரிலிருந்து வருகிறாள், எல்லோரும் ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிச் சிரிக்கட்டும், திங்கட்கிழமை சொல்லலாம், இத்தனை மாதத்தில் இரண்டு நாள் என்ன செய்துவிடப்போகிறது. திரையை எழுப்பி, படத்தில் வலது கண்ணைத் தட்டினாள், சிவப்புப் போய்க் கறுப்பானது. இடது கண்ணைத் தட்டவில்லை, தட்டினால் பிடிக்காது என்று கைக்குத் தெரியும், கை நேரே பர்ன் கருவிக்குப் போயிற்று. நடுவிலிருந்து விளிம்புக்குச் சின்னச் சின்ன வட்டமாய். வெள்ளை சாம்பலாயிற்று. சாம்பல் பழுப்பாயிற்று. பழுப்புக் கறுத்தது. வலது கண்ணில் இருந்த விளக்குப் பொட்டை நகலெடுத்து இடது கண்ணிலும் ஒன்று வைத்தாள். பிறகு நாலு மூலையிலிருந்தும் இருட்டை உள்ளே இழுத்தாள், கிழிந்த ஸ்கிரீன் போயிற்று, சோபாவின் கை போயிற்று, சுவரில் ஈரம் பூத்த இடம் போயிற்று, நடுவில் பாப்பா மட்டும் இரண்டு கண்ணோடும் அவளைப் பார்த்துச் சிரித்தாள். பெனிட்டாவும் சிரித்தாள். உண்மையாகவே நெஞ்சு லேசானது. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இதோ பார், ஒன்றும் இல்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை சரியாக இருந்தது, விசிறிக் காற்று கழுத்தில் பட்டது, உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சுகம் எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளை நடுங்கவைத்தது, அது அத்தனை சுலபமாய் வந்தது, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும், படத்தை மூடிவிட்டு எழுந்து குழம்புக்குத் தாளிக்கப் போயிருக்கிறாள். செய்ததை ஒவ்வொன்றாய்ப் பின்னுக்கு எடுத்தாள். இருட்டு வெளியே போயிற்று. சுவரின் ஈரம் வந்தது. கறுப்பு பழுப்பாயிற்று, பழுப்பு சாம்பலாயிற்று. வெள்ளை திரும்பி வந்து திரையின் நடுவில் நின்றது. சேமிக்கவில்லை. கார்டைப் பிடுங்கிக் கையில் பொத்திக்கொண்டாள்.

தொட்டில் அசைந்தது. சேலை விளிம்பை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப்பார்த்தது, தூக்கத்தில் கன்னம் மடிந்து. தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோய் மடியில் உட்கார்த்தினாள். வெளிச்சத்தில் அந்தக் கண் சும்மா ஒரு கண்ணாகத்தான் இருந்தது, கறுப்பாக, ஈரமாக, பூளையோடு. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு கண்ணாய் மூடிச் சோதனை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். செய்து பார்க்காவிட்டால் தெரியாது, தெரியாதவரை ஒன்றுமில்லை. கார்டை நைட்டிப் பைக்குள் போட்டாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிலுவையை எடுத்து ஆட்டினாள், பாப்பாவுக்கு அதுதான் எப்போதும் வேண்டும். பாப்பா கை நீட்டினாள். பெனிட்டா தன் உள்ளங்கையால் இடது கண்ணை மூடினாள். பாப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிலுவையைப் பிடித்து இழுத்தாள், வாயில் வைத்தாள், "ஞே" என்றாள். கையை எடுத்து, சிலுவையை மெல்ல வாயிலிருந்து விடுவித்து, மறுபடி ஆட்டினாள். பிறகு வலது கண்ணை மூடினாள். சிரிப்பு நின்றது. நீட்டின கை நீட்டினபடி அந்தரத்தில் நின்று, சிலுவைக்கு ஒரு சாண் தள்ளி மூடியது, திறந்தது, மூடியது. பிறகு அந்தக் கை மேலே வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தள்ளியது, கோபமாய், தலையை அப்படியும் இப்படியும் திருப்பி. விட்டாள். பாப்பா அவளைப் பார்த்துச் சிரித்தாள், தலையைச் சாய்த்து, வலது கண்ணால். தப்பாகச் செய்திருப்பேன், மூக்கையும் சேர்த்து மூடியிருப்பேன். இன்னொரு தடவை செய்தாள். இந்தத் தடவை பாப்பா வீறிட்டு அழுதாள்.

கிளமெண்டை ஃபோனில் கூப்பிட்டாள். நாலைந்து தடவை மணி அடித்தபிறகு எடுத்தான். "அனுப்பிட்டியா?" "இல்ல. பாப்பாவுக்குக் கண்ணு தெரியல." அந்தப் பக்கம் வளையல் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டன, பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம், சிரிப்பு தூரமாயிற்று. "இடது கண்ணா?" என்றான் கிளமெண்ட்.

எந்தக் கண் என்று அவள் சொல்லவில்லை. ஒரு கண் என்றுகூடச் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தட்டுவது மட்டும் நிற்காமல் நடந்தது. "உங்களுக்குத் தெரியுமா?" "தெரியும்னு இல்ல பெனி. எடுத்ததும் கேமராவுல பாப்பேன்ல, அந்தக் கண்ணு வெள்ளையா வரும். ஃபிளாஷுதான் அப்பிடி அடிக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் நீ ஒவ்வொரு தடவையும் சரி பண்ணி வைக்கிற. அவ பெத்தவ, பாத்துட்டுத்தான பண்றா, எதாவது இருந்தா சொல்லாமயா இருப்பான்னு..." இவளுக்குக் கோபம் வரவில்லை, வந்தால் நன்றாயிருக்கும். படமெடுக்கிறவர், கண்ணுக்குள் ஃபிளாஷ் எப்படி விழும் என்று தெரிந்தவர், அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்றுதானே இவளும் இருந்தாள். ஒருவர் மௌனத்தை ஒருவர் வைத்தியம் என்று நம்பி, நடுவில் பிள்ளையைப் போட்டுத் தூங்கியிருக்கிறார்கள். "எப்பலேருந்து?" என்றாள். "சொல்லுங்க. கிறிஸ்துமஸா?" "இல்ல." "பின்ன?" "ஞானஸ்நானத்தன்னிக்கு. சாமியார் தண்ணி ஊத்துறப்ப."

மாடியிலிருந்து மாமியார், ஏன் பிள்ளை இப்படிக் கத்துது என்று குரல் கொடுத்தாள். பாப்பா விக்கி விக்கி அடங்கி, அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டாள். "நான் கெளம்பிட்டேன்" என்றான் கிளமெண்ட், "கேமராவ கூட வந்த தம்பிகிட்ட குடுத்துட்டு வரேன். பால் குடுத்து ரெடியா இரு. மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்கே போயிருவோம், இங்க காட்டி நேரத்தக் கழிக்க வேணாம்." "வாங்க" என்றாள் பெனிட்டா. "ஆனா ஒன்னு. டாக்டர் எப்பலேருந்துன்னு கேப்பாரு. அப்ப நீங்க சொல்லுங்க, ஞானஸ்நானத்துலேருந்துன்னு நீங்களே சொல்லிருங்க. என்னைய விட்டா என் வாயில கிறிஸ்துமஸ்னுதான் வரும்."